டிரோன்டல் பிளஸ்: பூச்சி மாத்திரை கொடுத்த மறுமாதமே பூச்சி வந்தால் குறை எங்கே?

பினாங்கில் நாய் வளர்க்கிறவர்கள் பூச்சி மாத்திரை என்று கேட்டால் அடிக்கடி கைக்கு வரும் பெயர்களில் ஒன்று டிரோன்டல் பிளஸ். அதைப் பற்றி அதிகம் எழும் புகாரும் ஒன்றுதான்: "போன மாசம்தான் கொடுத்தேன், திரும்பவும் மலத்துல பூச்சி. போலி மருந்தா?" போலியாகவும் இருக்கலாம், அதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய காரணங்கள் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மாத்திரைக்கு வெளியே இருப்பவை.

முதலில் சரக்கு. 10 கிலோ எடைக்கு ஒன்று என்று வரும் மாத்திரையில் மூன்று மருந்துகள்: பிரசிகுவான்டெல் 50 மி.கி., பைரான்டெல் எம்போனேட் 144 மி.கி., ஃபெபான்டெல் 150 மி.கி. பிரசிகுவான்டெல் நாடாப்புழுவின் தோலைச் சிதைக்கிறது. பைரான்டெல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் வாதம் வந்ததுபோல் முடக்கிப்போட, குடல் அவற்றைத் தள்ளிவிடுகிறது. ஃபெபான்டெல் உடம்புக்குள் ஃபென்பென்டசோலாக மாறி, புழு சத்தை உறிஞ்சும் வேலையைக் கெடுக்கிறது. சாட்டைப்புழுவுக்கு இதுதான் மருந்து. பேயர் தயாரித்துவந்த இந்த மாத்திரை, 2020இல் அந்த நிறுவனத்தின் கால்நடைப் பிரிவு எலன்கோவிடம் போனபோது அதனுடன் சேர்ந்து போனது. பழைய பெட்டியில் ஒரு பெயரும் புதிய பெட்டியில் வேறு பெயரும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நாயின் குடலில் குடியிருக்கும் நான்கு முக்கியப் புழுக்களையும் ஒரே வேளையில் பிடிக்கும் கலவை என்ற அளவில் இது நல்ல மருந்து, தயங்காமல் சொல்லலாம். முன்னாலோ பின்னாலோ பட்டினி போடத் தேவையில்லை. ஆனால் வேலையை முடித்ததும் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். வீட்டுக்குள் புகுந்தவனை விரட்டும், கதவைப் பூட்டாது. மறுநாளே நாய் ஒரு தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்கினால் நாடாப்புழுவின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

திரும்பி வந்த பூச்சி எது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியிலோ படுக்கைத் துணியிலோ வெள்ளரி விதை போல, சோற்றுப் பருக்கை போல ஒட்டியிருக்கிறதா? புதிதாக வந்த துண்டு மெதுவாக நெளியும், நீண்டு சுருங்கும். காய்ந்துவிட்டால் மஞ்சள் ஏறி, உடைந்த அரிசி மாதிரி கடினமாகிவிடும். அது நாடாப்புழுவின் கணு. கணு ஒவ்வொன்றுக்குள்ளும் முட்டைகள் பொட்டலம் பொட்டலமாக இருக்கும். இந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வருகிறது. விழுங்கி இரண்டு மூன்று வாரத்தில் மலத்தில் கணு தெரியும். "போன மாசம்தான் கொடுத்தேன்" என்ற புகாருக்கும் இந்தக் கணக்குக்கும் பொருத்தம் சரியாக இருக்கிறது, பாருங்கள்.

நாயின் வால் மூட்டுக்கு மேலே முடியை விலக்கிச் சீப்பால் சீவி, கிடைக்கும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் திசுக் காகிதத்தில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செங்காவி நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது நாயின் ரத்தம். அதைக் கண்ட பிறகு மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றி வாங்குவது காசுக்குக் கேடு. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து, வீட்டில் பூனை இருந்தால் பூனைக்கு உரியது பூனைக்கு, படுக்கைத் துணிக்கு வெந்நீர், சோபாவின் இடுக்குக்கு வேக்கியூம் என எல்லாம் சேர்ந்துதான் நாடாப்புழு நிற்கும்.

சேமியா மாதிரி நீளமாக, வெளிர் நிறத்தில் வாந்தியிலோ மலத்திலோ வந்தால் உருண்டைப்புழு. குட்டிகளுக்கு இது தாயின் வயிற்றிலேயே வந்துவிடும், பாலிலும் வரும். கடையில் சுத்தமாக வைத்திருந்தார்கள், அதனால் குட்டிக்குப் பூச்சி இருக்காது என்று நினைப்பது தவறு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கொக்கிப்புழுவைக் கண்ணால் பார்ப்பது அரிது. இந்த நான்கில் குட்டியின் உயிரை எடுப்பதில் முன்னால் நிற்பது இதுதான். தார் போலக் கறுத்த மலம், சோர்வு, வெளுத்த ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். தாள் போல வெளுத்திருந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது ரத்தம் ஏற்ற வேண்டிய கட்டமாகவும் இருக்கலாம். அன்றே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள்.

மலத்தின் கடைசியில் சளியும் கொஞ்சம் சிவப்பு ரத்தமும் அவ்வப்போது வந்து போனால் சாட்டைப்புழுவை நினைக்கலாம். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுப்பதைப் பார்த்துப் பலர் மாத்திரை வாங்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு. இந்த மாத்திரை அதற்கு ஒன்றும் செய்யாது.

இனி அளவு. மருந்து வேலை செய்யாமல் போவதற்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரிய காரணம் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வது. நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழியுங்கள். 68.4இல் 55.2 போனால் 13.2 கிலோ. 3 முதல் 5 கிலோ வரை அரை மாத்திரை. 10 வரை ஒன்று. 15 வரை ஒன்றரை. 20 வரை இரண்டு. "பார்த்தா பத்து கிலோதான் இருக்கும்" என்று இந்த 13 கிலோ நாய்க்கு ஒன்று கொடுத்தால் தேவையானதில் முக்கால் பங்குதான் உள்ளே போகிறது. 3 கிலோவுக்குக் கீழே உள்ள குட்டிக்கு இந்த மாத்திரையை வெட்டி நறுக்கிக் கொடுக்கக் கூடாது. குட்டிகளுக்கென்று திரவ மருந்து இருக்கிறது.

கொடுக்கும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். பிரசிகுவான்டெல் கடுங்கசப்பு. பொடித்துச் சோற்றில் கலந்தால் நாய் ஒரு வாய் நக்கிவிட்டுத் தட்டையே ஒதுக்கிவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் சார்டினையும் சோற்றையும் பிசைந்து மூன்று சின்ன உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டை வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதைக் கண்முன்னால் காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுங்கள். அதை மெல்லாமல் விழுங்கும். அதற்கும் மசியாத நாய்க்கு, மேல்தாடையைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து வாயைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் அரைமணி நேரம் கண்ணில் வைத்திருங்கள். பூந்தொட்டிக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வரும் நாய்கள் உண்டு.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை. பிறகு ஆறு மாத வயது வரை மாதம் ஒருமுறை. அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் தாய்க்கும் கூடவே மருந்து கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் குட்டிக்கு மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். சினை நாய்க்கு இந்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சினையின் முன்பகுதியில் ஃபெபான்டெல் குட்டிக்குக் கெடுதல். மருத்துவர் தேவைப்பட்டால் 40ஆம் நாளிலிருந்து ஃபென்பென்டசோல் கொடுப்பார். பழைய பிபரசின் மருந்து வீட்டில் கிடந்தால் அதையும் இதையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. பிபரசினும் பைரான்டெலும் ஒன்றின் வேலையை ஒன்று கெடுத்துக்கொள்ளும்.

சரியான எடை, சரியான அளவு, விழுங்கியதும் உறுதி. அப்படியும் கொக்கிப்புழு திரும்புகிறதா? அங்கேதான் கிளினிக்கின் மலப் பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. சில நாய்களின் தசைக்குள் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். குடலில் இருக்கும் பெரியவை செத்து இடம் காலியானதும் இவை கிளம்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை சோதியுங்கள். அப்போது முட்டை இல்லாமல், நாலைந்து வாரம் கழித்து வந்தால் தசையிலிருந்து வந்தவை அல்லது மண்ணிலிருந்து புதிதாக ஏறியவை. 14ஆம் நாளிலேயே முட்டை குறையாமல் இருந்தால் மருந்துக்கு அடங்காத புழுவாக இருக்கலாம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட கொக்கிப்புழுக்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்கு மேல் என்ன கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பரிசோதனைக்கு ஒரு தேக்கரண்டி மலம், அன்று காலையில் போட்டதாக, மூடியுள்ள டப்பாவில். உடனே போக முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், பிறகு கண்ணாடித் தகட்டில் தேட முட்டை இருக்காது. சென்டிரிஃபியூஜில் சுழற்றிப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். சும்மா மிதக்கவிட்டுப் பார்ப்பதைவிட அது நம்பகமானது. "ஒன்றும் இல்லை" என்று முடிவு வந்தாலும் நாடாப்புழு இல்லை என்று ஆகாது, அதன் கணு முழுதாக வெளியேறுவதால் முட்டை பெரும்பாலும் இந்தச் சோதனையில் சிக்காது. சாட்டைப்புழு நாயின் குடலில் முட்டையிடத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதற்கு முன் சோதித்தால் அதுவும் சிக்காது.

இந்த மாத்திரையின் உண்மையான குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இது இதயப்புழுவைத் தொடாது. கொசு உள்ள பினாங்கில் இது சின்ன விஷயமில்லை. அதற்கு மாதாமாதம் கொடுக்கும் மருந்து தனியாக வேண்டும். நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா மெல்லும் மாத்திரை இதயப்புழுவைத் தடுக்கும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, உருண்டை, கொக்கி, சாட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நாடாப்புழுவை மட்டும் நேராகக் கொல்லாது. வலிப்பு வந்த நாயென்றால் அதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்துக் குடும்பத்தைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. ஹார்ட்கார்ட் பிளஸ் இதயப்புழுவோடு உருண்டையையும் கொக்கியையும் மட்டும் பார்க்கும். இதயப்புழு மருந்து எதுவானாலும், இதுவரை கொடுக்காத வளர்ந்த நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை. மாதாந்தர மருந்து ஒழுங்காகப் போகிற வீட்டில் டிரோன்டலின் வேலை பெரும்பாலும் நாடாப்புழுவோடு நின்றுவிடும். பூச்சிக்குக் கைவைத்தியம் என்று பூண்டு கொடுப்பது வேண்டவே வேண்டாம். அது நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

மழை பெய்து ஈரம் காயாத மண்ணில் கொக்கிப்புழு ஒரு வாரத்தில் தயாராகி, பாதத் தோலைத் துளைத்து ஏறும். மனிதர் காலிலும் ஏறும். பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் முற்றத்தில் நாயின் மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். உருண்டைப்புழு முட்டை குளோரக்ஸ் போன்ற பிளீச்சுக்கும் சாகாது. சிமெண்டுத் தரையானால் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள்.

வாங்கும்போது: பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். அட்டையை வெட்டி ஒற்றை மாத்திரையாகத் தந்தால் தேதி வெட்டுப்பட்ட பகுதியோடு போயிருக்கும். முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் மற்ற இடத்தைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். 13 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒன்றரை, ஆண்டுக்கு நான்கு வேளை, மொத்தம் ஆறு மாத்திரை. கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை உங்கள் நாயின் எடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.