‘மார்கழியில் பூக்கும் மலைநாட்டுக் கன்று’ என்று யாராவது வந்தால், காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

நேற்று நிலாவெளியில் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, “டீச்சர், இது நல்லதா? முப்பது கன்று சொல்லட்டா?” என்று கேட்டாள். படத்தைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது. இளஞ்சிவப்பில் அடுக்கடுக்காக இதழ் விரித்த, குளிர்நாட்டு அலங்காரச் செடியான கேமலியாவின் பூ, கீழே ‘மார்கழி முழுக்கப் பூக்கும், திருகோணமலைக்கு ஏற்றது’ என்று ஒரு வரி. போன புரட்டாதியில் எனக்கு வந்த அதே படம். அவள் கேட்டாள், தப்பினாள். நான் அன்றைக்கு ஒருவரிடமும் கேட்கவில்லை.

எங்கள் வளவு உப்புவெளியில், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா இருந்த காலத்தில் கேற்றிலிருந்து கிணற்றடி வரை பூமரம்தான். நந்தியாவட்டை, செவ்வரத்தை, வேலியோரம் வரிசையாக டிசம்பர் பூ, கிணற்றடியில் பவளமல்லி. அந்தப் பவளமல்லிக்கு வயது நாற்பதுக்கு மேல். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் அம்மா அதன் கீழே வெள்ளைச் சீலை ஒன்றை விரித்துவிடுவா. சங்குச் சத்தம் றோட்டில் கேட்கிற நேரம் சீலை நிறையப் பூ கிடக்கும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்றால் அது பவளமல்லி ஒன்றைத்தான். அந்தப் பூ பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகும்.

எனக்கு இப்போது முழங்கால் வருத்தம். இவ்வளவு பெரிய வளவைத் தனியே பார்க்க ஏலாது. லண்டனில் இருக்கிற தங்கச்சி போன வருடம் தை மாதம் தன் வீட்டுத் தோட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். இலை ஒன்றும் இல்லாத பச்சைக் கொடியில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. பக்கத்தில் மதிலோரம் கேமலியா. அந்தக் குளிரில், வேறு எல்லாம் மொட்டையாக நிற்கிற நேரத்தில் பூக்கிற செடி! அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. ஃபேஸ்புக்கில் விசாரித்து எழுதினேன். மூன்றாம் நாள் இந்தக் கன்று விற்கிற ஆளே கோல் எடுத்தார்.

முப்பது வயது இருக்கும். நல்ல மரியாதையான பேச்சு. “டீச்சர், ஒண்டும் யோசிக்காதீங்க. நுவரெலியாவில எங்கட சொந்த நர்சரி. கன்று தாறதோட எங்கட வேலை முடியாது. குழி வெட்டி, நட்டு, பழைய மரங்களைக் கவ்வாத்துப் பண்ணி, மூண்டு மாசம் பராமரிச்சுத் தருவம்” என்றார். ஒரு பட்டா வாகனத்தில் மாதிரிக்கு ஒரு கேமலியாக் கன்றும் கொண்டுவந்து காட்டினார். அது உண்மையான கேமலியா, பூவும் மொட்டுமாக இருந்தது. நான் விழுந்தது அந்த ஒரு கன்றில்தான். காட்டுவது ஒன்று, இறக்குவது வேறொன்று என்று அப்போது தெரியவில்லை.

கணக்கு இப்படி. கேமலியா 20, தங்கச்சியின் வீடியோவில் மஞ்சளாகப் பூத்திருந்த ‘குளிர்கால மல்லிகை’ 16, டாப்னி என்ற வாசனைச் செடி 12, மொத்தம் 48 கன்று. ஒன்று 1,850 ரூபா வீதம் 88,800. வேலைக்கூலி 36,200. எல்லாமாக 125,000 ரூபா. முற்பணம் 75,000ஐ வங்கியில் போடச் சொன்னார். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. “மச்சான்ட எக்கவுண்ட்” என்றார். பற்றுச்சீட்டு கேட்டேன். “கன்று இறக்கேக்க தாறன் டீச்சர்” என்றார். இறக்கிய அன்று புத்தகம் வாகனத்தில் இல்லை என்றார். நானும் மிச்சம் 50,000ஐக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசி முதல் மழை விழுந்த கையோடு 36 கன்று வந்தது. டாப்னி கப்பலில் வருகிறதாம், அடுத்த லொறியில் கட்டாயம் என்றார்கள். அவர் கூட்டி வந்த பெடியன்கள் நட்டார்கள். குழிக்குள் சாணமும் இல்லை, குழையும் இல்லை. பொலித்தீன் பையைக் கிழிக்காமலே சிலதை வைத்து மண்ணை மூடினார்கள். நான் கண்டு சத்தம் போட்ட பிறகுதான் மற்றவற்றைக் கிழித்தார்கள்.

மல்லிகைக் கன்றுகளில் இலையே இல்லை, வெறும் பச்சைக் குச்சி. ஏன் என்று கேட்டால், “இது இலையில்லாமல்தான் பூக்கும், லண்டன் வீடியோவில பாக்கேல்லயா?” என்றார். அந்தச் செடி வெறும் கொம்பில் பூப்பது உண்மைதான், என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய் சொல்லியிருந்தால் நான் பிடித்திருப்பேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்குப் போனேன். திரும்பி வந்து கேற்றைத் திறந்தபோது வளவு வெளித்துக் கிடந்தது. டிசம்பர் பூ வரிசை முழுக்க முழங்கால் உயரத்துக்கு மிஷினால் வெட்டப்பட்டிருந்தது. நந்தியாவட்டையும் அப்படியே. பவளமல்லியின் கிளைகளைத் தறித்து மதிலோரம் குவித்திருந்தார்கள். குவியலில் ஒரு கொப்பை இழுத்து எடுத்தேன். நுனியெல்லாம் மொட்டு. விரித்துப் பார்த்தால் அந்த ஆரஞ்சு நிறக் காம்பு உள்ளே இருந்தது. இன்னும் சில இரவு விட்டிருந்தால் பூத்திருக்கும். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இந்த மார்கழியில்தான் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் பூ போகவில்லை. காசு போனதைவிட எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

போன் பண்ணினேன். “வெட்டினாத்தான் டீச்சர் புதுசாத் தளிர்த்து இன்னும் கூடப் பூக்கும்” என்றார். தளிர்ப்பது சரி. எந்த மாதம் வெட்டுவது என்பதுதான் கேள்வி. மாரியில் பூக்கிற செடிகள் அதற்கு முந்தின மாதங்களில் வளர்ந்த கொப்பின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகையில் நுனியை வெட்டினால் அந்த வருடப் பூ முழுக்கக் குப்பைக்குத்தான். பூத்து ஓய்ந்த பிறகு, மழை விட்டு மாசி பிறக்கிற நேரம், ஈரம் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். பிறகு அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையும் சருகும் பரப்பி, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரத் தண்ணீர் விட்டால் போதும். குழி வெட்டுவதும் பசளை போடுவதும் ஆவணி, புரட்டாதியில். நடுகை ஐப்பசி மழையோடு. அம்மா ஒரு நாளும் இந்த ஒழுங்கு தப்பியதில்லை. தெரிந்திருந்தும் நான் அந்தப் பெடியன்களிடம் விட்டுவிட்டுப் போனேன்.

கன்றுகளின் கதைக்கு வருகிறேன். மார்கழி நடுவில் கேமலியாவின் புது இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். “குளிர் பிடிக்கட்டும் டீச்சர், தையில பாருங்க” என்றார். நானும் பொறுத்தேன்.

வீட்டுக்கு உதவிக்கு வருகிற பெண் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கன்னியாவில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தவள் தைப்பொங்கல் கழித்து வேலைக்கு வந்தாள். வளவில் நடந்தவள் ஒரு கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள். குனிந்து நுனியை இரண்டு விரலால் கிள்ளினாள். இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சரம்மா, இது என்னமோ பேர் சொன்னீங்களே, அது இல்லீங்க. இது தேயிலக் கன்னு. பத்து வருசம் கொழுந்து எடுத்த கை இது, எனக்குத் தெரியாதா?”

எனக்கும் காட்டினாள். விரியாத அந்தக் கொழுந்தின்மேல் வெள்ளி மாதிரி மெல்லிய பூனைமயிர். இலை மெல்லிசு, நரம்பு எடுப்பாகத் தெரிகிறது. அலங்காரக் கேமலியாவின் இலை தடித்து, எண்ணெய் பூசினது போல மினுங்கும், மொட்டில் அந்த மயிர் இருக்காது. இரண்டும் ஒரே பேரினம். தேயிலையும் ஒரு கேமலியாதான். ஓரத்தில் பல் வைத்த இலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். 1,850 ரூபாவுக்கு நான் வாங்கியது தேயிலை நாற்று, இருபது நாற்று.

பிறகு இருவருமாக அந்தக் குச்சி மல்லிகையைப் பிடித்து இழுத்தோம். இழுக்கவே தேவையில்லை, கையோடு வந்தது. வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. அடியைச் சரிவாக வெட்டி மண்ணில் குத்தியிருக்கிறார்கள், வெட்டுவாய் கறுத்து அழுகியிருந்தது. பதினாறும் அப்படித்தான். டாப்னி இன்றுவரை வரவில்லை. வெளிநாட்டிலிருந்து கன்று இறக்குவதானால் அனுமதிப்பத்திரம் வேண்டும், தாவரத் தடுப்புக்காப்புப் பரிசோதனை வேண்டும். 1999ஆம் ஆண்டிலிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. ‘கப்பலில் வருகிறது’ என்று ஒருவர் சொன்னால் அந்த அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உண்மையான கேமலியாவையே தந்திருந்தாலும் இங்கே பிழைத்திருக்காது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கடற்கரை. மண்ணைக் கிண்டினால் சிப்பி ஓடு வரும். கிணற்றுத் தண்ணீர் கோடையில் லேசாக உவர்க்கும். சுண்ணாம்புத்தன்மை கூடிய இந்த மண்ணில் கேமலியா, தேயிலை மாதிரிச் செடிகளால் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாது. இலை மஞ்சளாவது அதனால்தான். அவற்றுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும்.

குளிர்நாட்டுச் செடி பூப்பதற்குக் குளிரும் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தை மாத இரவில் சில நாள் பூம்பனி கொட்டும். இங்கே தையிலும் இரவு பொதுவாக 24 பாகை அளவில்தான் இருக்கும். பகல் நீளத்தையும் பாருங்கள். லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், ஆனியில் பதினாறரை. திருகோணமலையில் மார்கழிப் பகல் 11 மணி 40 நிமிடம், ஆனியில் 12 மணி 35 நிமிடம் அளவு. அந்த ஒரு மணித்தியால வித்தியாசத்தை உணர்ந்து பூக்கிற செடிகள்தான் நமக்குரிய மாரிப்பூக்கள்.

அப்படி உணர்கிற செடிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. டிசம்பர் பூவும் செவ்வந்தியும் அந்த வகை. பொயின்செட்டியாவும் அப்படித்தான், இரவு நீண்டால்தான் அதன் மேலிலைகள் சிவக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் பொயின்செட்டியா தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்கிறது. விளக்கு விழுகிற பக்கம் பச்சையாகவே இருக்கும், மதில் நிழல் பக்கம் நத்தாருக்குச் சிவக்கும். ஒரு தடி முறித்து நட்டாலே வருகிற செடி. இதையெல்லாம் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஒரு இலட்சத்துக்கு மேலே கொட்டினேன்.

தை கடைசியில் அவருடைய போன் வேலை செய்யவில்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் என்னை புளொக் பண்ணியிருந்தார். அந்தப் பக்கத்தின் பெயர் இதற்குள் இரண்டு தரம் மாறிவிட்டது, அதனால் பெயரை எழுதிப் பயனில்லை. பொலிசில் பற்றுச்சீட்டு கேட்டார்கள். இல்லை. வங்கிச் சிட்டையில் வேறு ஆளின் பெயர். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள், அதோடு நிற்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் எடுத்தேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் வாங்கியது ஐப்பசி தொடக்கம், கேட்டது தை முடிவு. ‘தையில பாருங்க, குளிர் பிடிக்கட்டும்’ என்று அவர் ஏன் இழுத்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பராமரிப்பு மூன்று மாதம் என்று சொன்னதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே அந்த வாகனம் உங்கள் கேற்றடிக்கு வந்தால், மாதிரிக் கன்றைப் பார்க்காதீர்கள். இறக்குகிற கன்றில் நீங்களே ஒன்றைத் தெரிந்து, பையைக் கிழித்து, வேரைப் பாருங்கள். கிழிக்க விடவில்லை என்றால் வாகனத்தைத் திருப்பி அனுப்புங்கள். நுனி இலையையும் மொட்டையும் ஒரு மலையகத்து ஆளிடம் காட்டுங்கள், ஒரு நிமிட வேலை. எந்தக் கன்று நம் மண்ணுக்குச் சரி என்று சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம், அல்லது கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரைப் பிடிக்கலாம். பழைய மரத்தில் கத்தி வைக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

என் மாணவியிடம் வந்திருப்பது வேறு போன் நம்பர், ஆனால் குரல் பதிவைக் கேட்டேன், அதே ஆள். ‘இந்தக் கிழமை நிலாவெளி, அடுத்த கிழமை மூதூர், கிண்ணியா’ என்று சொல்கிறார். என்னைப்போல் காசு கொடுத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். பணம் போட்ட சிட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் சிட்டையிலும் அதே கணக்கு இலக்கம் இருந்தால் நாங்கள் சேர்ந்து மறுபடி பொலிசுக்குப் போகலாம். திங்கள், புதன் காலையில் நான் வரத் தயார்.