டெட்ராய்ட் கண்ணாடி நெகட்டிவ்கள்: இலவசம்தான், எதை இறக்குவது என்பதில்தான் விஷயம்

கோனி தீவின் லூனா பார்க், அட்லான்டிக் சிட்டியின் பலகை நடைபாதை, நயாகரா, ஃப்ளாட்டைரன் கட்டடம். 1900ஐ ஒட்டிய அமெரிக்காவின் சுற்றுலா இடங்களைத் தேடினால், கூர்மையான படங்களில் நிறைய, காட்சிப் படங்களும் அஞ்சலட்டைகளும் விற்ற டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியுடையவை. அந்தக் கம்பெனியின் 25,000க்கு மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களும் ட்ரான்ஸ்பரன்சிகளும் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த கோப்புகளை நூலகத்தின் இணையதளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். காசு இல்லை, கணக்குத் தொடங்கத் தேவையில்லை. வெளியிடத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று நூலகமே குறிப்புப் போட்டிருக்கிறது.

தரத்துக்குக் காரணம் நெகட்டிவின் அளவு. பல தகடுகள் 8×10 அங்குலம். உச்சத்தில் ஆண்டுக்கு 70 லட்சம் பிரதிகள் விற்ற கம்பெனி அது. விற்பதற்கென்றே நிதானமாக எடுத்த படங்கள். நடைபாதைப் படம் ஒன்றைப் பெரிதாக்கினால் பிரம்பு நாற்காலி வண்டியைத் தள்ளிப்போகிறவரும், பின்னாலிருக்கும் கடைப் பலகையின் எழுத்தும் உடையாமல் நிற்கும்.

லூனா பார்க்கின் இரவுப் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1903இல் திறந்த அந்தப் பூங்காவின் பெருமையே மின்விளக்குகள்தான். கோபுரங்களின் வடிவம் முழுக்கப் பல்புப் புள்ளிகளாகவே தெரியும். அதிக நேரம் ஒளி வாங்கிய தகடு என்பதால் நடந்தவர்கள் புகைபோலக் கரைந்திருப்பார்கள், அசையாமல் நின்றவர் மட்டும் மிஞ்சுவார். விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளிவளையம் இருக்கும். ஒளி கண்ணாடியின் பின்பக்கம் மோதித் திரும்பியதால் வந்தது அது. அழுக்கு என்று நினைத்து ரீடச் செய்து துடைத்தால் இரவே போய்விடும்.

ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் கோப்புகள் உண்டு. போனில் பார்க்க ஜேபெக் போதும். பிரிண்ட் போடுவதென்றால் விவரம் குறையாத பெரிய கோப்பான டிஃப் மட்டுமே. கணக்கு எளிது: 16×20 அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 4800×6000, அதாவது 2 கோடியே 88 லட்சம் பிக்சல் வேண்டும். சுருக்காத 8 பிட் கறுப்பு வெள்ளைக் கோப்பில் பிக்சலுக்கு ஒரு பைட். ஆகவே டிஃப் ஏறக்குறைய 29 எம்பி இருந்தால் தாராளம். 18 எம்பிதான் என்றால் அங்குலத்துக்கு 240க்கு இறங்குங்கள். சுவரில் மாட்டினால் வித்தியாசம் தெரியாது. 16 பிட் என்றால் இந்த எண்களை இரட்டியுங்கள்.

பெரும்பாலோர் சொதப்புவது அடுத்த படியில். டிஃப்பைத் திறந்ததும், கறுப்பு வெள்ளை எல்லைகளை மென்பொருளே தீர்மானிக்கும் ஆட்டோ லெவல்ஸ் போடுகிறார்கள். ஓரத்தில் தகட்டின் வெற்று விளிம்பும் ஒட்டுத்தாளும் சேர்ந்தே ஸ்கேன் ஆகியிருக்கும். மென்பொருள் அதையே முழுக் கறுப்பு, முழு வெள்ளையாக எடுத்துக்கொள்ள, படம் மந்தமாகிவிடும். முதலில் விளிம்பை வெட்டுங்கள், பிறகு லெவல்ஸ். வானம் வெறும் வெள்ளையாக இருந்தால் அதை இழுத்துக் கறுப்பாக்க வேண்டாம். அந்தக் காலத் தகடுகள் நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவுசெய்தன. அமெரிக்கக் கொடியைப் பாருங்கள், சிவப்புப் பட்டைகள்தான் இருண்டிருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கியைக் கடைப் பலகைகள் பக்கம் விடாதீர்கள், இல்லாத எழுத்தை எழுதிவைக்கும்.

தேதியை அப்படியே நம்பக் கூடாது. ஆண்டுக்கு முன் ‘சி’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் அது காப்புரிமை ஆண்டு, எடுத்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. சதுர அடைப்பில் இருந்தால் பட்டியலிட்டவர்கள் கணித்துப் போட்டது. பத்துப் பதினைந்து வருட இடைவெளியெல்லாம் வரும். உங்களால் குறுக்க முடியும். தகட்டின் அடியில் ‘டெட்ராய்ட் ஃபோட்டோகிராஃபிக்’ என்று கம்பெனியின் பழைய பெயரில் காப்புரிமை வரி இருந்தால், பெயர் மாறிய 1905ஐ ஒட்டியோ அதற்கு முன்போ எடுத்தது. மன்ஹாட்டன் காட்சியில் சிங்கர் கோபுரம் இருந்து உல்வொர்த் கட்டடம் இல்லையென்றால் 1908க்கும் 1913க்கும் நடுவே. கோனி தீவில் ட்ரீம்லேண்ட் பூங்கா தெரிந்தால் 1904க்கு முன் போகாதீர்கள், 1911 மே மாதத் தீயைத் தாண்டவும் வேண்டாம்.

தேடல் வசதி சுமார்தான். தலைப்புகள் பழைய எழுத்துக்கூட்டலிலேயே இருக்கும். பிட்ஸ்பர்கைத் தேடினால் கடைசி ‘எச்’ எழுத்தை நீக்கியும் ஒருமுறை தேடுங்கள். 1891 முதல் 1911 வரை அரசுப் பெயரில் அந்த எழுத்து இல்லை. மிசிசிப்பிக்கு மேற்கே உள்ள காட்சிகள் 1949இல் நடந்த பங்கீட்டில் பெரும்பாலும் கொலராடோவுக்குப் போய்விட்டன. கலிஃபோர்னியா வேண்டுவோர் இங்கே மட்டும் தேடிச் சலித்துக்கொள்ள வேண்டாம்.

நூலகத்தில் இருக்கும் ஃபோட்டோகுரோம் வண்ணப்படங்கள் அழகு, நியூயார்க்கின் மல்பெரி தெருப் படம் அதில் பிரபலம். ஆனால் அந்த நிறங்கள் சாட்சி சொல்லா. சூரிச்சிலிருந்து உரிமை வாங்கிய அந்த முறையில், கறுப்பு வெள்ளை நெகட்டிவை அச்சுக்கல்லுக்கு மாற்றி, நிறத்துக்கு ஒரு கல்லாக அடுத்தடுத்து அச்சடித்தார்கள். எந்தச் சட்டைக்கு என்ன நிறம் என்பது அச்சுக்கூடத்தின் முடிவு. கட்டட ஆராய்ச்சிக்குக் கறுப்பு வெள்ளையையே எடுங்கள். பழைய ஃபோட்டோகுரோம் ஒன்றை விலைக்கு வாங்குவதாயிருந்தால் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஒழுங்கற்ற மணல்மணி போன்ற துகள் தெரிய வேண்டும். வரிசையாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பின்னால் அச்சடித்த நகல்.

இதே படங்களை போஸ்டராக விற்பவர்கள் ஏராளம். தவறில்லை, எவரும் விற்கலாம். வாங்கும்முன் நூலகத்தின் பிரதி எண்ணைக் கேளுங்கள், ‘எல்சி டிஐஜி டெட்’ (LC-DIG-det) என்று தொடங்கும். எண்ணைச் சொல்லத் தெரியாதவர் கையில் இருப்பது எங்கிருந்தோ எடுத்த ஜேபெக்காக இருக்க வாய்ப்பு அதிகம். எண் கிடைத்துவிட்டால் டிஃப்பை நீங்களே இறக்கிப் பக்கத்து லேபில் மேட் தாளில் போட்டுக்கொள்ளலாம்.