விசாகப்பட்டினத்தில் ஒரே ஒரு நாள்: அரக்கு ரயிலா, ஊருக்குள்ளேயா?

விசாகப்பட்டினம் போகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "அரக்கு போறீங்கதானே?" அரக்கு என்பது அங்கிருந்து ரயிலில் போகும் மலைப் பள்ளத்தாக்கு. முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம். கையில் இருந்தது ஒரு நாள். அதை அப்படியே அரக்குக்குக் கொடுத்தோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மறுபடியும் ஒரு நாள் மிஞ்சியது. அந்தத் தடவை ஊரை விட்டு நகரவில்லை. என் ஓட்டு ஊருக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு அரக்குக்குத்தான் அதிகம், வாடகை வண்டியால். குளிர்ச்சியும் அங்கேதான். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே கழிகிறது?

அரக்கு வழியாகப் போகும் கிரந்துல் ரயில் காலை ஏழுக்கு முன்பே கிளம்பிவிடும். அதைப் பிடிக்க ஐந்துக்கு எழுந்தோம். அரக்கில் இறங்கும்போது மணி பதினொன்று. திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்தால் போரா குகையை விட்டுவிட வேண்டும் என்பதால், வழக்கம்போல எல்லோரும் செய்வதையே செய்தோம்: அங்கேயே ஒரு வண்டி பிடித்து, அனந்தகிரி காபித் தோட்டம், போரா என்று மலைப்பாதையில் இறங்கினோம். அரக்கிலிருந்து ஊர் சுமார் 115 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு பையனுக்குக் குமட்டல். நடுவில் வண்டிக்காரர் தனக்குத் தெரிந்த சாக்லேட் கடையில் நிறுத்தி அரை மணி நேரத்தை விழுங்கினார். அறைக்கு வந்தபோது இரவு எட்டரை. கணக்குப் போட்டால், ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல், வண்டியில் நாலு மணி நேரம். சாப்பாடும் டிக்கெட் வரிசையும் போக, நின்று நிதானமாகப் பார்த்தது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம்.

ரயில் பயணமே ஒரு காட்சிதானே என்பார்கள். உண்மைதான். கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரைக்கும் 58 சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் ரயில் நுழைந்ததும் பெட்டியில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் ஓவென்று கத்துவார்கள், வெளிச்சம் வந்ததும் சிரிப்பார்கள். முதல் பத்து சுரங்கத்துக்கு நானும் கத்தினேன். அப்புறம் தூங்கிவிட்டேன். இந்தப் பாதை நமக்காகப் போட்டதும் இல்லை. பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு ஏற்றுவதற்காக 1960களில் போட்டது. இன்றும் அதற்குத் தாது ரயில்தான் முதல் பிள்ளை. பயணிகள் ரயில் நடுவழியில் நின்றால் ஆச்சரியப்படக் கூடாது.

போரா குகையைக் குறை சொல்ல மாட்டேன். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டான கூடம், உள்ளே சிவலிங்கம், மேலிருந்து சொட்டும் நீர். ஆனால் படிகள் நிறைய. முட்டி வலியோடு அம்மா வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மேலே ஏறி வந்ததும் கேட்டது: "இதுக்காடா என்ன அஞ்சு மணிக்கு எழுப்பின?"

இரண்டாவது தடவை அம்மாவிடம் திட்டு வாங்கவில்லை.

காலையில் பழைய ஊருக்குப் போனோம். துறைமுக வாயிலை ஒட்டி வரிசையாக மூன்று குன்றுகள்: ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் தர்கா, ஒன்றில் வெங்கடேஸ்வரர். மாதா கோயில் இருப்பதை ராஸ் ஹில் என்கிறார்கள். ஆட்டோ மேடு ஏறிக் கொண்டுபோய் விட்டது. மதில் ஓரமாக நின்றால் கீழே கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரும் கால்வாய், எதிரே டால்பின்ஸ் நோஸ் என்கிற மலை. ஒரு சரக்குக் கப்பல், இரண்டு இழுவைப் படகுகளோடு, தெருவில் தேர் திரும்புவதுபோல மெதுவாக உள்ளே வந்தது. மேல்தளத்தில் ஒருவர் வாளியோடு நடந்துபோவதுகூடத் தெரிந்தது. 1933இல் திறந்த துறைமுகம் இது. கட்டும்போது அலையைத் தடுக்க இரண்டு பழைய கப்பல்களைக் கல் நிரப்பி மூழ்கடித்தார்கள் என்பதை அங்கே பையனிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவன் கப்பலைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கினோம். அரக்குப் பயணத்தில் இதற்கு வழியே இல்லை. ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்குள் என்றால் ஒருவரை அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பலாம்.

மாலையில் ஆர்.கே. பீச். குர்சுரா நீர்மூழ்கி மணலிலேயே நிற்கிறது. சோவியத்தில் கட்டி 1969இல் நம் கடற்படைக்கு வந்தது, 2001இல் ஓய்வு, அடுத்த வருஷமே அருங்காட்சியகம். உள்ளே போனால் பெட்டிக்குப் பெட்டி வட்டமான கதவு. ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். டார்பிடோ வைக்கும் அறையிலேயே படுக்கையும் இருக்கிறது. அம்மா இதற்கும் வரவில்லை, ஆனால் கடற்கரை பெஞ்சில் பொரி மிக்சரோடு சந்தோஷமாக இருந்தார். சாலைக்கு எதிர்ப்புறம் கடற்படையின் பழைய டியு-142 விமானம். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. இது நம் அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறந்து, 2017இல் அங்கேயே ஓய்வு பெற்ற ரகம். அரக்கோணத்தில் வளர்ந்த என் மச்சான், சின்ன வயதில் இதன் சத்தத்துக்குத் தட்டு அதிரும் என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இருட்டுவதற்குள் ரோப்காரில் கைலாசகிரி மலைக்கு. சிவன்-பார்வதி சிலைக்கு முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அதை விடுங்கள். தெற்குப் பக்க விளிம்புக்குப் போனால் கடற்கரை மொத்தமும் வளைந்து டால்பின்ஸ் நோஸில் போய் முட்டுவது தெரியும். காலையில் அண்ணாந்து பார்த்த மலையை மாலையில் இந்தக் கோடியிலிருந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சிம்மாசலம் போகவில்லை; கல்யாணத்துக்கு முந்தின நாளே தரிசனம் முடிந்துவிட்டது. சந்தனக் காப்புக்குள் இருக்கும் நரசிம்மரை வருஷத்தில் அட்சய திருதியை அன்று மட்டும்தான் நிஜ ரூபத்தில் பார்க்க முடியும். அந்தக் கோயிலில் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊருக்கே அப்போது குலோத்துங்கசோழப் பட்டினம் என்று ஒரு பெயர்.

அரக்கை நான் பார்த்தது ஒரு மே மாதத்தில், ஒரு பகலில். அக்டோபர், நவம்பரில் வலிசெப் பூ மலைச்சரிவை மஞ்சளாக்கும்போது, ஒரு ராத்திரி தங்கி, விடியலில் மூங்கில் குழாயில் வெந்த கோழியின் ஏப்பத்தோடு நடந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. இரண்டு நாள் இருந்தால் என் ஓட்டே மாறலாம்.

அப்புறம் இன்னொன்று. நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மிஞ்சும் ஒரே நாள் திங்களாக அமைந்துவிட்டால், இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அலாரத்தை ஐந்துக்கு வையுங்கள். அம்மாவிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.