பந்துக்கு நல்ல அரங்கம், பாட்டுக்கு?

தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவின் லாடியம் பகுதியில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, மென்லின்ல நம்ம பாட்டு நிகழ்ச்சி வருதாம். முன்வரிசை டிக்கெட் எடுக்கலாமா?" இரண்டு வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத எரிச்சல் கூடிவிட்டது.

முதலில் அரங்கத்துக்குச் சேர வேண்டிய நல்ல வார்த்தை. அவர் சொன்னது பிரிட்டோரியாவின் மென்லின் பகுதியில் இருக்கும் சன்பெட் அரீனா; 2017-ல் திறந்தது, 8,500 பேர் கொள்ளும். ஜோகன்னஸ்பர்க்கின் டோம் என்ற பெரிய உள்ளரங்கம் 2021-ல் விற்கப்பட்டு, பழைய கார் வாங்கி விற்கும் இடமாகிவிட்டது. அப்புறம் எங்கள் பக்கத்தில் பெரிய உள்ளரங்க நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் இங்கேதான் ஓட வேண்டியிருக்கிறது. குத்துச்சண்டை, கூடைப்பந்து, கச்சேரி எல்லாவற்றுக்கும் ஒரே கூரை.

கூடைப்பந்துக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. 2025 ஜூனில் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கின் இறுதிப் போட்டி இங்கேதான் நடந்தது. லிபியாவின் அல் அஹ்லி திரிப்போலியும் அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டாவும் மோதின. உள்ளூர் அணியே இல்லாத ஆட்டம், வெளியே ஹைவெல்ட் மேட்டுநிலத்துக் குளிர்காலம் வேறு. அப்படியும் ஒரு பந்து வளையத்தில் விழுந்தால் கூச்சல் கூரையில் மோதித் திரும்பி வந்து முதுகில் அடிக்கும். ஆட்டக்களம் 28-க்கு 15 மீட்டர்தான். அதைச் சுற்றி இருக்கைகள் நெருக்கமாக ஏறுவதால் மேல்வரிசையிலிருந்தும் ஆட்டக்காரரின் முகம் தெரிகிறது. மரத்தரையில் ஷூ கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

சரி, பாட்டு. விளையாட்டுக்கு வரமாக இருக்கும் அதே எதிரொலி பாட்டுக்குச் சாபம். கான்கிரீட், இரும்பு, உயரமான கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்புவதற்குள் பாடகர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். பழகிய பாட்டு என்பதால் பல்லவி தப்பிக்கும். சரணத்தில் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து சாம்பார் சாதமாகிவிடும்.

இது எந்தப் பெரிய உள்ளரங்கத்துக்கும் உள்ள குணம், இதை அடக்க வழியும் இருக்கிறது. ஸ்பீக்கர்களைக் கூட்டத்தை நோக்கிச் சாய்த்துத் தொங்கவிட வேண்டும், பின்வரிசைக்குத் தனி ஸ்பீக்கர் வைத்து அதன் ஒலியைக் கணக்காகத் தாமதிக்க வேண்டும், ஆள் நிறைந்த பிறகு அளவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். மனித உடல்கள் ஒலியை நன்றாக உறிஞ்சும் என்பதால் காலி அரங்கில் பார்த்த செட்டிங் நிறைந்த அரங்குக்கு ஒத்துவராது. இதே கூரையின் கீழ் உள்ளூர்க் குழுக்கள் பாடி, எனக்குப் புரியாத ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுந்திருக்கிறது. ஆக, கட்டடத்தின் மேல் பழி போட முடியாது.

நம் நிகழ்ச்சிகளை நடத்தும் ஒரு குழு இருக்கிறது, பெயர் வேண்டாம். கேட்கவில்லை என்று யாராவது கத்தினால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வால்யூமைக் கூட்டுவது. வயலின் வாசிப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூடைப்பந்து சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். இவர்கள் குத்துவிளக்கு ஏற்றி, ஸ்பான்சருக்குப் பொன்னாடை போர்த்தி, அவரையும் பேசவிட்டு முடிப்பதற்குள் என் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இதற்கு முன்வரிசை விலை, அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று தனியாகக் கொஞ்சம் ராண்ட். அந்த முன்வரிசையில் உட்கார்ந்தால் தொங்கும் ஸ்பீக்கரின் ஒலி தலைக்கு மேலே போய்விடுகிறது, நெஞ்சைக் குலுக்கும் பேஸ் மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே தம்பி, முன்வரிசை வேண்டாம். சவுண்ட்காரர் மிக்சர் மேசை போட்டிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், கீழடுக்கில் நடுவில் எடு. அவர் காதுக்குக் கேட்பதுதான் உன் காதுக்கும் வரும், விலையும் குறைவு. அரங்கம் அருமையான அரங்கம். ஆனால் அந்தக் குழு நடத்தும் பாட்டு நிகழ்ச்சிக்கு என் காசு இனி ஒரு ராண்ட்கூடக் கிடையாது. உன்னிடம் டிக்கெட் ஒன்று மிஞ்சினால் மட்டும் சொல்லு, வருகிறேன்.