மழைக்காட்டில் படம்: மேகமூட்டமா, வெயில் கீற்றா?

அமெரிக்காவின் ஹோ மழைக்காடு மாதிரி, வருஷத்துக்குச் சுமார் 3500 மி.மீ. மழை கொட்டும் குளிர்ப்பிரதேசக் காட்டுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு வரும் குழப்பம்தான் இது. என் ஓட்டு மேகமூட்டத்துக்கு.

நிழல்: மேகமூட்டத்தில் மென்மையாக விழும், ஒரே ஷாட்டில் எல்லா விவரமும் அடங்கிவிடும். வெயிலில் பாசி வெளுத்துப்போகும், அடிமரம் கரியாகத் தெரியும். 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணைக்க வேண்டிவரும், அதற்குள் காற்றில் ஒரு பெரணி இலை அசைந்தாலும் போச்சு.

சாமான்: மேகமூட்டத்துக்கு டிரைபாடும், பளபளப்பைக் குறைக்கும் லென்ஸ் ஃபில்டரான போலரைசரும் கட்டாயம். ஈர இலை மேல் வெள்ளையாய் மினுங்குகிற பளபளப்பு, ஃபில்டரைத் திருகத் திருக மறைந்து அடியிலிருக்கும் பச்சை மேலே வரும் பாருங்கள், அதற்காகவே ஒன்றரை, 2 ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கலாம். வெயிலில் அவசரத்துக்குக் கையிலேயே எடுத்துவிடலாம்.

காத்திருப்பு: மேகம் பெரும்பாலும் நாள் முழுக்க நிற்கும். கீற்றுக்கு, மூடுபனி கலையும் சில நிமிஷம்தான்.

ஓடை, பாசி, பெரணி என்றால் மேகமூட்டம். இல்லை, மரங்களுக்கு நடுவே ஒளிக்கதிர் இறங்குவதுதான் வேண்டுமா? சரி, விடியற்காலையிலேயே போய் வெயிலுக்கு எதிராக நில்லுங்கள், அப்புறம் வெளிச்சப் பகுதி எரிந்துபோகாமல் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் போகும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.