ஒரு பெட்டி, நான்கு சக்கரம், வியன்னாவில் இரண்டு நாள்

போன வாரம் பிராட்வேயில் பெட்டிக்குச் சக்கரம் மாற்றினேன். நானூறு ரூபாய். கடைக்காரர் பழைய ரிவெட்டைத் துளைபோட்டு எடுத்தார். யாரோ விட்டுப்போன பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு சக்கரத்தைப் பொருத்தி, நட்டு போல்ட் போட்டு முடுக்கினார். மற்ற மூன்றும் கறுப்பு, இது மட்டும் சாம்பல். உருட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏர்போர்ட்ல ஓடறதுக்குச் செஞ்ச பெட்டி சார், ரோட்ல ஓடறதுக்கு இல்ல" என்றார். நான்கு வருஷமாக வைத்திருக்கிற எனக்கு இது தெரிய வியன்னா வரை போக வேண்டியிருந்தது.

அன்று சாயந்திரமே பழைய ஆபீஸ் நண்பர் கூப்பிட்டார். "சார், நீங்க வச்சிருக்கீங்களே, அதே பெட்டி இப்ப ஆஃபர்ல பாதி விலைக்கு வருது. வாங்கலாமா? அப்புறம், டான்யூப் கப்பல் முடிஞ்சதும் உங்கள மாதிரியே வியன்னால ரெண்டு நாள் தங்கிட்டு வரலாமான்னு யோசிக்கிறோம்."

இரண்டும் வெவ்வேறு கேள்வி என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது ஒரே கேள்விதான். போனில் சொன்னால் அரை மணி நேரம் ஆகும் என்று எழுதி அனுப்ப உட்கார்ந்தேன். அதுதான் இது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு அங்குலம், கெட்டி ஓடு, நான்கு மூலையிலும் இரட்டைச் சக்கரம், நம்பர் பூட்டு. இந்த நான்கு வருஷத்தில் ஜிப் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கைப்பிடி ஆடவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் ஒற்றை விரலால் தள்ளினால் போதும், நாய்க்குட்டி மாதிரி கூடவே வரும். டில்லி, காசி, சிங்கப்பூர் எல்லாம் போய் வந்தது. யாராவது கேட்டால் "வாங்குங்க, நல்ல பெட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். கம்பெனி பேரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டவருக்கு அது தெரியும்.

இப்போது கப்பல். வியன்னாவில் ஏறி, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் போய், வஹாவ் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு மறுபடி வியன்னாவிலேயே இறங்கும் ஏழு இரவுப் பயணம். புடாபெஸ்ட் நாடாளுமன்றக் கட்டடம் ராத்திரி விளக்கில் பொன்னாக மின்னுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆற்றுக் கப்பலின் பெரிய சுகம் அது இல்லை. பெட்டி கண்ணிலேயே படாமல் போனதுதான். ஏறியதும் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் வைத்தார்கள். துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டுக் காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். ஏழு நாள் அதை நினைக்கவே இல்லை. காலையில் திரையை விலக்கினால் வேறு ஊர், ஆனால் சட்டை அதே கொக்கியில். பஸ்ஸில் ஐரோப்பா சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே தினமும் விடியற்காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டூர் மேனேஜர் கதவைத் தட்டுவார். (ஒரு நாள் காலை திரையை விலக்கியபோது ஊருக்குப் பதிலாக ஒரு பாட்டி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கப்பல்களை ஒன்றை ஒட்டி ஒன்று கட்டுவார்களாம். இரண்டு பேருமே சட்டென்று திரையை இழுத்துவிட்டோம்.)

கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கரையில் பெட்டிகள் வரிசையாக நின்றன. மற்றவர்கள் விமான நிலையம் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். புத்திசாலித்தனமாக இரண்டு ராத்திரி சேர்த்துப் போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பஸ் கிளம்பியது. ரைக்ஸ்பிரூக்கே பாலத்துக்குப் பக்கத்தில், ஆளுக்கு ஒன்றாக இருபத்து மூன்று கிலோப் பெட்டிகளோடு நின்றோம். இந்தப் பாலம் 1976 ஆகஸ்ட் 1 அதிகாலையில் இடிந்து ஆற்றில் விழுந்ததாம், இப்போது இருப்பது 1980-இல் திறந்தது. இதைப் படித்துக் காட்டியபோது மனைவி, "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள். இருபத்து மூன்று கிலோவில் மூன்று கிலோ அவளுடையது: வஹாவில் வாங்கிய ஆப்ரிகாட் ஜாம், கண்ணாடி பாட்டிலில். புடாபெஸ்ட்டில் வாங்கிய பாப்ரிகா பொடி வேறு. காரமே இல்லாத மிளகாய்த்தூளைக் காசு கொடுத்து வாங்கி நங்கநல்லூருக்குக் கொண்டுவந்தது எங்கள் தெருவில் நாங்களாகத்தான் இருப்போம்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தயிர்சாதம் சமைத்துக்கொள்ளலாமே என்று ஓட்டலை விட்டுவிட்டு அடுப்படி வைத்த வீடு ஒன்றை எடுத்திருந்தேன். வரவேற்பறை கிடையாது, ஆள் கிடையாது. கதவைத் திறக்கும் எண் மூன்று மணிக்குத்தான் போனுக்கு வரும். ஓட்டலாக இருந்தால் ஒன்பதரைக்கே போய்ப் பெட்டியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஊர் சுற்றியிருக்கலாம். சரி, ரயில் நிலையத்தில் லாக்கர் இருக்குமே என்று போனோம். பெரிய லாக்கர் ஒன்றுகூடக் காலி இல்லை. அன்று ஞாயிறு வேறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை உட்பட எல்லாம் சாத்திவிடுவார்கள், நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி. தயிர் டப்பாவுக்காக ரேஷன் கடை மாதிரி ஒரு வரிசை. நான் வரிசையில் நின்றேன், மனைவி இரண்டு பெட்டிக்கும் காவல் நின்றாள்.

ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரம். கப்பலில் ஏழு நாள் தூக்காத பெட்டியை வட்டியோடு சேர்த்துத் தள்ளினோம்.

நான்கு சக்கரப் பெட்டிக்குப் பிரேக் கிடையாது என்பதை டிராமில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். நாங்கள் ஏறிய 'டி' தடத்து டிராம் ஒரு நிறுத்தத்தில் சட்டென்று நின்றது. கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்த அந்த நொடியில் பெட்டி கிளம்பிவிட்டது. நிதானமாக, யாரையும் இடிக்காமல், நடுவழியில் நேராக உருண்டு போனது. நான் "எக்ஸ்க்யூஸ் மீ, எக்ஸ்க்யூஸ் மீ" என்று பெட்டியைப் பார்த்தே கத்திக்கொண்டு ஓடினேன். முன்பக்கம் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு காலை மட்டும் நீட்டி அதை நிறுத்தினார். நான் போய்ச் சேரும் வரை காலை எடுக்கவில்லை. நம் ஊர் கண்டக்டராக இருந்தால் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்திருப்பார்.

ஷ்வார்ட்சென்பெர்க்பிளாட்ஸில் இறங்கினோம். அங்கே பெரிய நீரூற்று ஒன்று வானத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்டிகளைப் படுக்கவைத்து, அதன் எதிரில் உட்கார்ந்தோம். 1873-இல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது, அதைக் கொண்டாடத் திறந்த நீரூற்று அது. மலை உயரத்தில் இருக்கிறது, ஊர் பள்ளத்தில் இருக்கிறது, தண்ணீர் தானே இறங்கி வருகிறது. 1910-இல் இரண்டாவது குழாயும் வந்தது. வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதும் அதே தண்ணீர்தான். காபிக்கடையில் காபியோடு ஒரு கிளாஸ் தண்ணீரும் சேர்த்து வைப்பது இதனால்தானோ என்னவோ. தெருக்குழாய் ஒன்றில் பாட்டிலை நிரப்பிக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, மணமும் இல்லை, உப்பும் இல்லை.

நான் சென்னைக்காரன். வீராணம் திட்டத்துக்கென்று வாங்கிய ராட்சசக் குழாய்கள் தண்ணீரே பார்க்காமல் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்ததையும், அதற்குள் ஜனங்கள் குடும்பம் நடத்தியதையும் பார்த்து வளர்ந்தவன். வீராணம் தண்ணீர் சென்னைக்கு வர 2004 ஆனது. 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது எங்கள் தெருவில் குடத்தோடு நின்றிருக்கிறேன். பாட்டிலை மனைவியிடம் நீட்டினேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நீரூற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல கேன் போடற பையன் பொழப்புக்கு என்ன பண்ணுவான்?" என்றாள்.

அந்த ஒரு மணி நேரம் பெட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபம் பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் வந்தது. அங்கே சந்துகளில் கருங்கல் பாவியிருக்கிறார்கள். சின்னச் சின்னச் சதுரக் கல், நூறு வருஷக் கால்கள் தேய்த்ததில் தலை உருண்டு இட்லி மாதிரி இருக்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு விரல் போகும். என் பெட்டியின் சக்கரமோ எலுமிச்சம்பழ அளவு. ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி ஏறியது. சத்தத்தில் ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பெட்டியை நேராக நிறுத்தித் தள்ளுவதுதானே அழகு? கல்லில் அது நடக்காது. சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுத்தால் மொத்தப் பாரமும் அந்த இரண்டின் மேல் விழுகிறது. அதற்காகச் செய்த சக்கரம் அது இல்லை. ஒரு முக்கில் சத்தம் திடீரென்று மாறியது. திரும்பிப் பார்த்தால் ஒரு சக்கரத்தின் ரப்பர் உரிந்து இரண்டடி பின்னால் முறுக்கு மாதிரி கிடந்தது. மனைவி அதைக் குனிந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மீதி தூரம் வெறும் பிளாஸ்டிக் கல்லில் தேய்ந்து, வீட்டு வாசலை அடையும்போது சக்கரம் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. மணி இரண்டே முக்கால். எண் வரும் வரை படியில் உட்கார்ந்து தயிரை டப்பாவோடு சாப்பிட்டோம்.

பெட்டி உள்ளே போன பிறகு வியன்னா வேறு ஊராகிவிட்டது. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் நண்பர் கேட்டது அது இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஊர் தேசிய நூலகத்தில் நம் முசிறித் துறைமுகம் பெயர் வரும் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கிரேக்க மொழியில் எழுதிய, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தம். ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம், ஜடாமாஞ்சி எல்லாம் ஏட்டின் மறுபக்கத்துக் கணக்கில் உண்டு. செங்கடலில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் நைல் கரை ஊரான கோப்டோஸ் வரை கொண்டுபோய்க் கிடங்கில் முத்திரையிட்டு வைக்க வேண்டும், பிறகு நைல் ஆற்றுப் படகில் அலெக்சாண்டிரியா, அங்கே கால் பங்கு சுங்கம். கிடங்குக்குத் தனி ஏற்பாடு என்பதைக் கவனியுங்கள். நடுவில் தங்கும் ஊரில் மூட்டையை எங்கே வைப்பது என்று அந்த வியாபாரி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறான். பாங்கில் முப்பது வருஷம் ஒப்பந்தம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

விசா விஷயம்: தங்கும் இரண்டு நாளையும் சேர்த்துத்தான் ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) நாள் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வழியில் இருந்த மூன்று நாடும் ஷெங்கன் என்பதால் ஒரு நுழைவு போதுமாக இருந்தது. கப்பல் பெல்கிரேட் வரை போனால் செர்பியா வெளியே, அப்போது பல நுழைவு விசாவாகக் கேளுங்கள்.

திரும்பும்போது கீழே இழுக்க மனசில்லாமல் வாசலிலிருந்தே டாக்ஸி. வளைகுடாவில் விமானம் மாறி, சென்னையில் பெட்டி பெல்ட்டில் வந்து விழுந்தது. நொண்டிக்கொண்டுதான், ஆனால் வழவழப்புத் தரையைப் பார்த்ததும் பழைய துள்ளல் வந்துவிட்டது. ஜாம் பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆக, பெட்டி வேண்டாம். பெரிய சக்கரம் வைத்த இரண்டு சக்கரப் பெட்டி, அசிங்கமாக இருந்தாலும் வாங்குங்கள். வியன்னாவில் தங்குவதும் வேண்டாம், கப்பலிலிருந்து நேராக விமானத்துக்குப் போய்விடுங்கள் என்று எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். பாதியில் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "இவர் சொல்றத விடுங்கண்ணா. ரெண்டு நாள் பத்தாது, மூணா போடுங்க. ஓட்டல்ல தங்குங்க, அவ்வளவுதான்."

போன் என் கைக்குத் திரும்பியதும் பெட்டி விஷயத்தையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தேன். ஆஃபர் நேற்று ராத்திரியோடு முடிந்துவிட்டதாம். "விட்டா போயிடும்னு ரெண்டு போட்டுட்டேன் சார். நீல கலர்."