ஆறு குளுவான் வீச்சு: பூட்ஸ்ட்ராப்பா, பென்டகனா?

என்=4 சூப்பர் யாங்-மில்ஸ் என்பது குளுவான்கள் (வலுவிசையைக் கடத்தும் துகள்கள்) உள்ள, சமச்சீர் மிகுந்த மாதிரிக் கோட்பாடு. அதன் பிளானர் எல்லையில், அதாவது நிறங்களின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது, நான்கு, ஐந்து துகள் சிதறல் வீச்சுகளைப் (துகள்கள் மோதிச் சிதறும் வாய்ப்பைத் தரும் சார்புகளைப்) பற்றிப் பேச அதிகம் மிச்சமில்லை. 2005-இல் பெர்ன், டிக்சன், ஸ்மிர்னோவ் தந்த சூத்திரமே அங்கே போதும். ஆறாவது துகள் வந்ததும் மூன்று குறுக்கு விகிதங்கள் (துகள்களின் உந்தங்களிலிருந்து கட்டும் விகிதங்கள்) முளைத்து, அந்தச் சூத்திரத்துக்கு அடங்காத மிச்சச் சார்பு ஒன்று தலைகாட்டுகிறது. அதைப் பிடிக்க ஹெக்சகன் பூட்ஸ்ட்ராப், பென்டகன் விரிவு என்று இரண்டு வழிகள். நான் எடுத்துக்கொண்டது பூட்ஸ்ட்ராப். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கமே சாயும். சிதறலைப் படம் படமாக வரைந்து கூட்டும் வழக்கமான வழியான ஃபைன்மன் வரைபடங்களைப் போட்டிக்கே சேர்க்கவில்லை. லூப்பே (வரைபடத்தில் வரும் மூடிய வளையம்; கூடக் கூடத் துல்லியம் ஏறும்) இல்லாத ஆறு குளுவான் வீச்சுக்கே 220 வரைபடம்!

பென்டகன் வழி பாசோ, செவர், வியேரா 2013-இல் கொண்டுவந்தது. வீச்சை அறுகோண வில்சன் லூப்பாக (மூடிய பாதை ஒன்றின் வழியே புலத்தை அளக்கும் அளவாக) பார்த்து, ஒன்றோடொன்று படியும் இரண்டு ஐங்கோணங்களாகப் பிரிக்கிறது. இடையில் ஓடும் ஃப்ளக்ஸ் குழாயில் (புலக்கோடுகள் திரண்ட குழாயில்) கிளர்வுகள் பயணிக்கின்றன. அவற்றின் ஆற்றலும் உந்தமும் இன்டகிரபிலிட்டியின் (கோட்பாட்டைத் துல்லியமாகத் தீர்க்கவிடும் மறைந்த சமச்சீரின்) புண்ணியத்தில் எந்தப் பிணைப்பு வலிமையிலும் துல்லியமாகத் தெரியும். ஆனால் இது இரண்டு துகள்கள் ஒரே திசையில் போகும் எல்லையைச் சுற்றிய விரிவு. அங்கிருந்து விலக விலக, கூட்ட வேண்டிய கிளர்வுகள் பெருகிக்கொண்டே போகும்.

பூட்ஸ்ட்ராப் எந்த வரைபடத்தையும் தொடாது. விடை எப்படி இருந்தாக வேண்டும் என்பதிலிருந்தே கிளம்பும். விடை பாலிலாகரிதங்களால் (லாகரிதத்தைப் பொதுமைப்படுத்திய சார்புகளால்) ஆனது. அதன் எடை, அதாவது அடுக்கிய தொகையீடுகளின் எண்ணிக்கை, லூப்புக்கு இரண்டாக ஏறும். அதன் சிம்பலை (சார்பைச் சொற்கள்போல் பிரித்து எழுதும் முறையை) ஒன்பது 'எழுத்துகள்' கொண்டு எழுதலாம். முதல் எழுத்து குறுக்கு விகிதங்களிலிருந்தே வர வேண்டும். விரிவாக்கிய ஸ்டைன்மன் நிபந்தனை சில எழுத்துகளை அக்கம்பக்கத்தில் உட்கார விடாது. அப்புறம் மிஞ்சுவது குணகங்களுக்கான நேரியல் சமன்பாடுகள்தான். இரண்டு லூப் விடை முதலில் 17 பக்கம் நீண்டது; 2010-இல் சிம்பலை வைத்து அதைச் சில வரிகளுக்குள் சுருக்கிவிட்டார்கள். 2019-இல் அதிகபட்ச ஹெலிசிட்டி மீறல் வகைக்கு (குளுவான்களின் சுழற்சித் திசைகளில் மிக எளிய அமைப்புக்கு) ஏழு லூப், அதாவது எடை 14 வரை போயாயிற்று.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமல்ல, பிழை தெரியும் விதம். பூட்ஸ்ட்ராப்பில் மிஞ்சிய குணகங்களைவிட நிபந்தனைகள் அதிகம். ஒரே திசை எல்லையில் மிச்சச் சார்பு பூஜ்யமாக வேண்டும், மல்டி-ரெஜ்ஜி எல்லையில் (உயர் ஆற்றலில் துகள்கள் வேகத்தில் வெகுவாகப் பிரிந்து போகும் எல்லையில்) தெரிந்த மதிப்புகளுக்குப் பொருந்த வேண்டும். ஒரு குறியை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் சமன்பாடுகளுக்குத் தீர்வே கிடைக்காது. கணினி முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பென்டகனில் ரேபிடிட்டி (கிளர்வின் வேகத்தைக் குறிக்கும் மாறி) தொகையீட்டின் பாதையைத் துருவத்துக்கு (சார்பு முடிவிலியாகும் புள்ளிக்கு)த் தவறான பக்கமாக இழுத்தாலும் ஓர் எண் வரும், அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும். வேறொரு கணக்கோடு ஒப்பிடாமல் அதை நம்ப முடியாது. சரி, நன்றியும் சொல்ல வேண்டும்: நான்கு லூப்பில் பூட்ஸ்ட்ராப்பின் குணகங்களை நிலைநிறுத்த, அந்த ஒரே திசை எல்லையின் விரிவும் கை கொடுத்தது.

வலுவான பிணைப்பில் என் அனுபவம் மெலிது. பிளானர் எல்லையில் லூப் தொடர் ஒருங்குவது ஒரு வரம்புக்குள்தான். அதைத் தாண்டினால் பென்டகன்தான் நேர்வழி என்றே தோன்றுகிறது. துகள் எண்ணிக்கை கூடினாலும் அப்படியே: ஏழில் எழுத்துகள் 42, எட்டில் வர்க்கமூலங்கள் நுழைகின்றன, பத்துத் துகள்களில் இரண்டு லூப்பிலேயே பாலிலாகரிதங்களுக்கு அடங்காத நீள்வட்டத் தொகையீடு வந்துவிடுகிறது. பென்டகனுக்கோ ஒவ்வொரு புதுத் துகளுக்கும் இன்னோர் ஐங்கோணத்தைக் கோத்தால் போதும். எட்டுத் துகள் கணக்கு கைக்கு வந்தால் நானும் அங்கேதான் தொடங்குவேன்.